ஒரே வாளி கிளேஸ், ரெண்டு கலர் கப்... சூளை ஆறும் நேரத்தில் நடக்கும் மாயம்!

ஒரே களிமண். ஒரே வாளியில் கலக்கிய கிளேஸ். இரண்டு கப்களும் ஒரே 1,220 டிகிரி செல்சியஸில் சுட்டவை. ஒன்று முகம் பார்க்கும் அளவுக்கு மினுமினுக்கும் கருப்பு. இன்னொன்று துரு ஏறிய மாதிரி செம்பழுப்பு, தொட்டால் மெழுகு போல இருக்கிறது, பளபளப்பே இல்லை. கடையில் அடுக்கி வைத்தால் பார்க்கிறவர்கள், ‘இது வேற டிசைன்தானே?’ என்றுதான் கேட்பார்கள்.

வேற டிசைன் இல்லைங்க. முதல் கப் சீக்கிரம் ஆறிய சூளையில் இருந்தது. இரண்டாவது, ஆற அமர ஆறிய சூளையில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது நகரங்களில் வார இறுதி மண்பாண்டப் பயிற்சிக்குப் போகிறவர்கள் அதிகம். கொஞ்ச நாளில் வீட்டு மொட்டை மாடி ஷெட்டில் சின்னதாக ஒரு கரன்ட் சூளை வாங்கி வைத்து, கப், கிண்ணம் செய்து விற்கவும் ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் கிளேஸ் கலக்கும் அளவை கிராம் சுத்தமாக எழுதி வைப்பார்கள். எத்தனை டிகிரி வரை ஏற்றினோம் என்பதையும் எழுதுவார்கள். ஸ்விட்சை அணைத்த பிறகு என்ன நடந்தது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. ‘அணைச்சாச்சு, இனி அதுவா ஆறிடும்’ என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் நிறமும் பளபளப்பும் பாதிக்கு மேல் தீர்மானமாவது அந்த நேரத்தில்தான்.

கிளேஸ் என்றால் என்ன?

நம்ம ஊர் மண்பானைக்கு கிளேஸ் கிடையாது. அதன் நுண்துளைகள் வழியே தண்ணீர் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. பாட்டி வீட்டு ஊறுகாய் ஜாடியை நினைத்துப் பாருங்கள். மேல்பாதி காபிப்பொடி நிறம், கீழ்பாதி சந்தன நிறம். எண்ணெயும் உப்பும் வருஷக்கணக்கில் ஊறினாலும் உள்ளே இறங்காது. அந்த வழவழப்பான மேல்பூச்சுதான் கிளேஸ்.

சுருக்கமாகச் சொன்னால் அது கண்ணாடி. மணலில் இருக்கும் சிலிகாதான் அதன் முக்கியப் பொருள். சிலிகா தனியாக உருக 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். அவ்வளவு சூட்டை எந்தக் களிமண் கப்பும் தாங்காது. அதனால் சுண்ணாம்பு, ஃபெல்ட்ஸ்பார், விறகுச் சாம்பல் என்று சிலிகாவைச் சீக்கிரம் உருக வைக்கும் சரக்குகளைச் சேர்க்கிறார்கள். உருகியது வழிந்து ஓடிவிடாமல் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்க அலுமினா வேண்டும். அது களிமண்ணிலேயே இருக்கிறது. நிறத்துக்கு இரும்பு, செம்பு, கோபால்ட் ஆக்சைடுகள்.

இவையெல்லாம் உச்ச சூட்டில் உருகித் தேன் பதத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் சூளைக்குள் எட்டிப் பார்த்தால் எல்லாப் பாத்திரமும் ஒரே மாதிரி ஈரமாக, ஆரஞ்சு நிறத்தில் ஜொலிக்கும். எது மினுமினுக்கப் போகிறது, எது மங்கப் போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

பஞ்சு மிட்டாயும் கல்கண்டும்

சமையலறையில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சர்க்கரைதான்.

பஞ்சு மிட்டாய் எப்படிச் செய்கிறார்கள்? சர்க்கரையை உருக்கி, சுழலும் கிண்ணத்தின் ஓட்டைகள் வழியே வீசுகிறார்கள். காற்றில் பட்ட நொடியில் அது ஆறி, இழையாக இறுகிவிடுகிறது. சர்க்கரை மூலக்கூறுகளுக்கு வரிசையாக நிற்க நேரமே கிடைப்பதில்லை. ஓடிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே உறைந்த மாதிரி, தாறுமாறாக நின்றுவிடுகின்றன. விஞ்ஞானிகள் அந்த நிலையைத்தான் கண்ணாடி என்கிறார்கள்.

கல்கண்டு இதற்கு நேர் எதிர். கெட்டிப் பாகை, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, அசைக்காமல் நாள் கணக்கில் ஆறவிடுகிறார்கள். மூலக்கூறுகள் மெதுவாக ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசை கட்டுகின்றன. பட்டை பட்டையாகப் படிகம் வளர்கிறது. சரக்கு அதே சர்க்கரைதான்.

குலாப் ஜாமூன் பாகு மறுநாள் பூத்துப்போகாமல் இருக்க, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விடுவோம் இல்லையா? கிளேஸில் அந்த வேலையை அலுமினா செய்கிறது. அலுமினா அதிகமானால் குழம்பு கெட்டியாகி, படிகம் வளர்வதற்குத் தேவையான நடமாட்டம் குறைந்துவிடும். ஆக, எந்த கிளேஸ் ‘பூக்கும்’, எது பூக்காது என்பதை முதலில் கலவை முடிவு செய்கிறது. எவ்வளவு பூக்கும் என்பதை ஆறும் வேகம் முடிவு செய்கிறது.

பாறைகளிலும் இதே கதைதான். எரிமலையிலிருந்து வழிந்து சட்டென ஆறினால் ஆப்சிடியன் என்ற கருப்புக் கண்ணாடி கிடைக்கிறது. கிட்டத்தட்ட அதே குழம்பு பூமிக்கடியில் லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆறினால் கிரானைட். உங்கள் வீட்டு சமையல் மேடையில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அது ஒவ்வொன்றும் நிதானமாக வளர்ந்த படிகம்.

எந்த நேரம் முக்கியம்?

1,220-லிருந்து அறை வெப்பநிலை வரை முழுவதும் பொத்திப் பொத்தி இறக்க வேண்டியதில்லை. கிளேஸுக்கு முக்கியமான பகுதி ஏறக்குறைய 1,100-லிருந்து 800 டிகிரி வரைதான்.

அதற்கு மேலே குழம்பு மிகவும் இளக்கமாக இருக்கும். படிகத்துக்கு ‘விதை’ விழுந்தாலும் கரைந்துவிடும். அதற்குக் கீழே போகப் போகக் குழம்பு இறுகி, எதுவும் நகர முடியாத நிலைக்கு வந்துவிடும். இடையில் இருக்கும் அந்த 300 டிகிரியில்தான் படிகங்கள் பிறந்து வளர்கின்றன. அதைச் சூளை ஒரு மணி நேரத்தில் தாண்டினால் பெரும்பாலும் பளபளப்பு. நாலைந்து மணி நேரம் எடுத்துக்கொண்டால், அதற்கேற்ற கலவைகளில் மென்மையான மங்கல். ‘மேட் ஃபினிஷ்’ என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

இந்த மங்கல் எப்படி வருகிறது தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் படிகங்கள் மேற்பரப்பு முழுக்க முளைத்துவிடுகின்றன. வெளிச்சம் பட்டதும் நேராகத் திரும்பாமல் நாலா பக்கமும் சிதறுகிறது. சுண்ணாம்பும் மெக்னீசியமும் அதிகமுள்ள கிளேஸ்களில் இது நன்றாக நடக்கும்.

இப்போது சூளையைப் பாருங்கள். வீட்டுக்கு வாங்கும் சின்ன கரன்ட் சூளையின் சுவர் மெல்லியது. அணைத்த முதல் ஒரு மணி நேரத்திலேயே 200 டிகிரிக்கு மேல் கடகடவென இறங்கிவிடும். செங்கல்லைத் தடிமனாக அடுக்கிக் கட்டிய பெரிய விறகுச் சூளை ஆற இரண்டு, மூன்று நாள் ஆகும். சுவரே ஒரு பெரிய கங்கு மாதிரி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். போதாததற்கு, சுட்டு முடித்ததும் விறகு போடும் வாயையும் புகை போகும் வழியையும் அடைத்து, இடுக்குகளில் மண் குழைத்துப் பூசிவிடுவார்கள்.

புதுச்சேரியில் 1971-ல் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரு அமெரிக்கர்கள் ‘கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி’யைத் தொடங்கினார்கள். அங்கே கற்றுக்கொண்டவர்கள் பலர், இன்று புதுச்சேரி, ஆரோவில் வட்டாரத்திலும் இந்தியாவின் வேறு ஊர்களிலும் பட்டறை வைத்திருக்கிறார்கள். அந்த மாதிரிப் பட்டறையில் ஒரு வாரம் பயிற்சிக்குப் போய்விட்டு, ஆசையாக ஒரு கிளேஸ் குறிப்பை எழுதிக்கொண்டு வந்து, வீட்டுச் சூளையில் சுட்டுப் பார்த்து, ‘அங்க பார்த்த நிறம் வரலையே’ என்று குழம்புவது சகஜம். குறிப்பில் தப்பு இருக்காது. பெரிய சூளைக்கும் சின்ன சூளைக்கும் எரிபொருள், உள்ளே இருக்கும் காற்று என்று வேறு வித்தியாசங்களும் உண்டுதான். ஆனால் இரண்டு நாள் ஆறியதும் எட்டு மணி நேரத்தில் ஆறியதும் ஒன்றாக இருக்க முடியாது. பலரும் கடைசியாகச் சந்தேகப்படுவது இதைத்தான்.

இரும்பு ஆடும் ஆட்டம்

ஆறும் வேகத்துக்கு அதிகம் ஆட்டம் காட்டுவது இரும்பு கலந்த கிளேஸ்தான். கலவையில் நூற்றுக்கு 8, 10 பங்கு இரும்பு ஆக்சைடு இருந்தால், உச்ச சூட்டில் அது முழுவதும் கண்ணாடிக் குழம்பில் கரைந்துவிடும். அப்படியே சீக்கிரம் ஆறினால் இரும்பு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கிடைப்பது ஆழமான, மினுமினுக்கும் கருப்பு. மெதுவாக ஆறினால், ‘இவ்வளவு இரும்பை என்னால் வைத்துக்கொள்ள முடியாது’ என்று குழம்பு அதை வெளியே தள்ளும். வெளியே வந்த இரும்பு மேற்பரப்பில் படிகமாகப் படியும். காற்று உள்ள சூளையாக இருந்தால் அது ஹெமடைட், அதாவது சுத்தமான துருவின் நிறம். செம்பழுப்பு, தக்காளிச் சிவப்பு, பனங்கருப்பட்டி நிறம் எல்லாம் இப்படித்தான் வருகின்றன.

இதை ஜப்பானியக் குயவர்கள் 16-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே கையில் பிடித்துவிட்டார்கள். இன்றைய கிஃபு மாகாணத்தில் இருக்கும் மினோ பகுதியில், ‘செட்டோகுரோ’ என்ற கருப்புத் தேநீர்க் கிண்ணங்களைச் செய்தார்கள். கிளேஸ் உருகி ஜொலித்துக்கொண்டிருக்கும்போதே, எரியும் சூளைக்குள் நீளமான இடுக்கியை விட்டு, கிண்ணத்தை வெளியே இழுத்துவிடுவார்கள். ஆயிரம் டிகிரிக்கு மேல் இருந்தது, சில நிமிஷங்களில் ஆறிவிடும். கன்னங்கரேலென்று கருப்பு. அதே கிண்ணத்தைச் சூளையிலேயே விட்டு வைத்திருந்தால் பழுப்பாகியிருக்கும். இந்த முறைக்கு ‘ஹிகிதாஷிகுரோ’ என்று பெயர். ‘வெளியே இழுத்த கருப்பு’ என்று அர்த்தம். சில பழைய கிண்ணங்களில் இடுக்கி பிடித்த தடம் இன்னும் இருக்கிறது. தேநீர் ரசிகர்கள் அதைக் குறையாகப் பார்ப்பதில்லை, தேடிப் பார்த்து ரசிக்கிறார்கள்.

சூளையில் கிளேஸ் உருகிவிட்டதா என்று பார்க்க ஒரு மாதிரித் துண்டை இழுத்துப் பார்ப்பது குயவர்கள் வழக்கம். அந்தத் துண்டு மட்டும் கருப்பாக வருகிறதே என்று கவனித்ததில்தான் இந்த முறை பிறந்தது என்று சொல்வார்கள். கதை எப்படியோ, தர்க்கம் சரியாக இருக்கிறது.

(ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு வீட்டுச் சூளையில் இடுக்கியை விடாதீர்கள். இப்படித் திடீர் குளிரைத் தாங்க, கரடுமுரடான, நுண்துளை அதிகமுள்ள தனிக் களிமண் வேண்டும். சாதாரணக் கப் கையிலேயே வெடிக்கும். கரன்ட் சூளைக்குள் மின்சாரக் கம்பிகளும் இருக்கின்றன.)

சீனாவில் இதற்கும் முன்பே, சோங் வம்ச காலத்தில், ஃபுஜியன் மாகாணத்தில் ‘ஜியான்’ கிண்ணங்கள் செய்தார்கள். மலைச்சரிவில் நூறு மீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் சூளைகள். டிராகன் சூளை என்று பெயர். கருப்புக் கிண்ணத்தில் முயல் ரோமம் மாதிரி மெல்லிய பழுப்புக் கோடுகள் வழியும். சிலவற்றில் தண்ணீரில் எண்ணெய் சொட்டிய மாதிரி வெள்ளிப் புள்ளிகள் இருக்கும். உச்ச சூட்டில் இரும்பு ஆக்சைடு ஆக்சிஜனைக் கக்குகிறது. அது குமிழியாக மேலே வரும்போது இரும்பையும் இழுத்து வருகிறது. குமிழி வெடித்த இடத்தில் இரும்பு திட்டாகத் தங்குகிறது. குழம்பு வழிந்தால் அந்தத் திட்டு நீண்டு கோடாகிறது. சூளை மெதுவாக ஆறும்போது அந்த இடத்திலேயே படிகமாகிறது.

2014-ல் ஆராய்ச்சியாளர்கள் இந்த ஜியான் ஓடுகளை நுண்கருவிகளால் ஆராய்ந்தார்கள். மேற்பரப்பில் எப்சிலான் வகை இரும்பு ஆக்சைடு இருந்தது. இன்றைய ஆய்வகத்தில் சுத்தமாகத் தயாரிக்கப் படாத பாடு படும் ஒரு காந்தப் பொருள் அது. எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷம் முன்பு, வெப்பமானி என்ற பொருளே இல்லாத காலத்தில், தேநீர்க் கிண்ணத்தின் மேல் அது தானாக விளைந்திருக்கிறது. இந்தக் குடும்பத்துக் கிண்ணங்களில் ‘யோஹென்’ எனப்படும் வானவில் புள்ளிக் கிண்ணங்கள் மூன்று ஜப்பானில் இருக்கின்றன. மூன்றுமே தேசியப் பொக்கிஷங்கள்.

கப்பில் பூக்கும் பூ

படிகத்தை மறைக்காமல், அதையே அலங்காரமாக வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். துத்தநாக ஆக்சைடை நூற்றுக்கு 25 பங்கு வரை சேர்த்து, அலுமினாவை மிகவும் குறைத்த கிளேஸ் இது. 1,260, 1,280 வரை ஏற்றிவிட்டு, சட்டென 1,100-க்குப் பக்கத்தில் இறக்கி, அங்கே மூன்று, நான்கு மணி நேரம் சூட்டைப் பிடித்து வைப்பார்கள். வில்லமைட் என்ற படிகம் விசிறி விரிவது போல, பாத்திரத்தின் மேலேயே பூவாக விரியும். சில பூக்கள் எலுமிச்சம்பழ அளவுக்குக்கூட வளரும். நடுவில் சூட்டைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால், மரத்துண்டின் வயது வளையம் மாதிரி பூவுக்குள் வளையம் விழும். பிரான்ஸின் செவ்ரிலும் டென்மார்க்கின் கோபன்ஹேகனிலும் பீங்கான் ஆலைகள் 19-ம் நூற்றாண்டிலேயே இதில் இறங்கிவிட்டன.

பார்க்க அழகுதான். ஆனால் அலுமினா இல்லாத குழம்பு தண்ணீர் மாதிரி ஓடும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அடியில் வழிவதைப் பிடிக்கத் தட்டு வைத்து, பிறகு அதை உடைத்தெடுத்து அடிப்பாகத்தைத் தேய்க்க வேண்டும். ஆரம்பிக்கிறவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சூளைத் தட்டுகள் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

40 கப் ஆர்டர் வந்தால்...

ஒரு காபிக் கடைக்காரர் உங்களிடம் மாதிரி கப்பைப் பார்த்து, ‘இதே மாதிரி 40 வேணும்’ என்கிறார் என்று வையுங்கள். மாதிரியை, இரண்டே கப் வைத்த பாதி காலிச் சூளையில் சுட்டிருப்பீர்கள். ஆர்டரை, தட்டு மேல் தட்டாக அடுக்கி, மூச்சு முட்ட நிரப்பிச் சுடுவீர்கள். உள்ளே சாமான் அதிகமானால் சூடும் அதிக நேரம் தங்கும். தட்டுகளும் சூட்டைப் பிடித்து வைக்கும். 40 கப்பும் மாதிரியைவிட மங்கலாக வரும். அதிலும் நடுத்தட்டில் இருந்தவை ஒரு மாதிரி, சீக்கிரம் ஆறும் ஓரத்தில் இருந்தவை ஒரு மாதிரி. ஒரு மாத உழைப்பு, கரன்ட் செலவு, கடைக்காரரின் நம்பிக்கை எல்லாம் சேர்ந்து அந்தச் சூளைக்குள் இருக்கிறது. மாதிரி சுடும்போதே சூளையை நிரப்பிச் சுடுங்கள். காலியிடத்தில் பழைய, உடைந்த சாமான்களையாவது வையுங்கள்.

அடுத்தது, ஆறும் வேகத்தை உங்கள் கட்டுப்பாட்டுக்குக் கொண்டு வருவது. டிஜிட்டல் கன்ட்ரோலர் இருந்தால் சுலபம். ஏற்றுவதற்குக் கட்டளை கொடுக்கிற மாதிரியே இறக்குவதற்கும் கொடுக்கலாம். 1,220 வகை கிளேஸுக்குப் பலரும் ஆரம்பிக்கிற கணக்கு இது: உச்சத்திலிருந்து 1,040 வரை சூளையை அதன் போக்கில் விடுங்கள். அங்கிருந்து 800 வரை மணிக்கு 60 முதல் 80 டிகிரி வீதம் இறக்குங்கள். அதன்பிறகு அணைத்துவிடலாம். கூடுதலாக மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். கரன்ட் பில்லும் கொஞ்சம் ஏறும், அதை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலர் இல்லாத சூளையா? வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே, 1,040 வந்ததும் ஸ்விட்சை ‘லோ’வில் போட்டு, இறங்கும் வேகத்தைக் கையாலேயே சமாளிக்கலாம். அரை மணிக்கு ஒருமுறை நோட்டில் எழுதுங்கள். தூக்கம் கெடும். ஆனால் இரண்டு மூன்று தடவை செய்தால், உங்கள் சூளையின் குணம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

கிளேஸில் ஊசிமுனை ஓட்டை விழுகிற தொல்லைக்கும் ஆறும் நேரத்தில் மருந்து இருக்கிறது. உச்சத்திலிருந்து ஒரு 50, 60 டிகிரி இறக்கி, அங்கே அரை மணி நேரம் நிறுத்தினால், குமிழி விட்ட பள்ளங்களைக் குழம்பு தானே மூடிக்கொள்ளும். உச்சத்திலேயே நிறுத்துவதைவிட இது பல கிளேஸ்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. சூடு குறைந்ததால் புதிதாகக் குமிழி கிளம்புவதும் குறைகிறது.

எல்லாவற்றையும் மெதுவாக ஆறவிட வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். கண்ணாடி போன்ற தெளிவான கிளேஸ் மெதுவாக ஆறினால் பால் கலந்த மாதிரி கலங்கக்கூடும். அடியில் தீட்டிய ஓவியம் மங்கிவிடும். அதற்கு வேகமாக இறங்குவதே நல்லது.

மேட் கப்பில் சாப்பிடலாமா?

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது எங்கே பார்த்தாலும் மேட் கப், மேட் தட்டு. மங்கல் எல்லாம் ஒன்றல்ல. மெதுவாக ஆறிப் படிகம் வளர்ந்ததால் வந்த மங்கல் ஒரு ரகம். சூடு பத்தாமல் அரைகுறையாக உருகியதால் வந்த மங்கல் இன்னொரு ரகம். சிலர் நிறத்துக்காக உலோக ஆக்சைடுகளை அள்ளிக் கொட்டியிருப்பார்கள். பார்க்க மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். பின்னவை இரண்டும் புளி, எலுமிச்சை, தக்காளி பட்டால் உலோகத்தைக் கசியவிடக்கூடும். நம்ம சமையலில் புளி இல்லாத நாள் ஏது?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். எலுமிச்சைத் துண்டை கிளேஸ் மேல் ஓர் இரவு வைத்து, காலையில் கழுவிப் பாருங்கள். அந்த இடம் மட்டும் நிறம் மாறியிருந்தால் அந்தக் கிண்ணத்தைச் சாப்பாட்டுக்கு வைக்காதீர்கள், பூந்தொட்டிக்கு வையுங்கள். ஸ்பூன் உரசிய சாம்பல் கோடு தேய்த்தும் போகவில்லை என்றால் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கிறது என்று அர்த்தம். சோதனையில் பாஸானாலும் முழு உத்தரவாதம் கிடையாது. விற்பனைக்குச் செய்கிறவர்கள் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் முறை.

அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால்...

800 டிகிரிக்குக் கீழே கிளேஸின் அழகு பெரும்பாலும் முடிவாகிவிட்டது. ஆனால் ஆபத்து முடியவில்லை. இனி பயம் களிமண்ணுக்கு.

களிமண்ணில் கரையாமல் மிச்சமிருக்கும் குவார்ட்ஸ் துகள்கள், 573 டிகிரியில் தங்கள் அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டெனச் சுருங்கும். கிறிஸ்டோபலைட் என்ற இன்னொரு வகை சிலிகா சில களிமண்களில் உருவாகியிருக்கும். அது 226 டிகிரிக்குப் பக்கத்தில் இதைவிடப் பலமாகச் சுருங்கும். சின்னக் கப் இதைத் தாங்கிவிடும். அகலமான தட்டு, தடித்த சாடி போன்றவற்றில் ஒரு பக்கம் 573-ஐத் தாண்டியிருக்கும், மறுபக்கம் இன்னும் சூடாக இருக்கும். ஒன்று சுருங்க, ஒன்று மறுக்க, ‘டப்’பென்று விரிசல். தட்டின் விளிம்பு ஆறிவிடும். நடுப்பகுதியோ சுடும் சூளைத் தட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். அதனால் பெரிய தட்டுகளுக்கு அடியில் சிறு மண் வில்லைகளை வைத்துக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். 600-லிருந்து 500 வரை எந்தத் துளையையும் திறக்காதீர்கள்.

விரிசல் விழுந்த தட்டு கிடைத்தால் தூக்கிப் போடுவதற்கு முன் விளிம்பை விரலால் கவனமாகத் தடவிப் பாருங்கள். விரிசலின் ஓரத்தில் கிளேஸ் உருண்டு வழவழப்பாக இருந்தால், சூடு ஏறும்போதே விரிந்திருக்கிறது. பிறகு கிளேஸ் உருகி ஓரத்தை மழுக்கியிருக்கிறது. ஓரம் கண்ணாடிச் சில்லு மாதிரி கூர்மையாக இருந்தால் ஆறும்போது விரிந்தது. முதல் ரகத்துக்கு, காய வைப்பதையும் சூடு ஏற்றும் வேகத்தையும் சரி செய்ய வேண்டும். இரண்டாவதுக்கு ஆறும் வேகத்தை.

200 டிகிரியில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். மே மாதச் சென்னையில், கடைசி 100 டிகிரி இறங்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். வெளியே இருக்கும் காற்றே 40 டிகிரி என்றால் அது எங்கே போய் ஆறும்? வெறும் கையால் கப்பை எடுக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு திறங்கள். நம் ஊர்க் குயவர்கள் வைக்கோலும் மண்ணும் போட்டு மூடிய சூளையைச் சுட்ட கையோடு பிரிப்பதில்லை. விடியட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

திறந்ததும் சில நேரம் உள்ளிருந்து ‘டிங்... டிங்’ என்று சத்தம் கேட்கும். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அது கிளேஸ் வலைபோல் கீறிக்கொள்ளும் சத்தம். களிமண்ணைவிட கிளேஸ் அதிகமாகச் சுருங்குகிறது, இழுவை தாங்காமல் பிளக்கிறது. ‘சீக்கிரம் திறந்ததால்தான் இப்படி’ என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். சீக்கிரம் திறந்தால் கீறல் அன்றைக்கே தெரியும். பொறுமையாகத் திறந்தால் ஒரு வாரம் கழித்தோ, கடைக்காரர் கொதிக்கும் காபியை ஊற்றும்போதோ தெரியும். களிமண்ணும் கிளேஸும் ஒன்றுக்கொன்று பொருந்தாத கோளாறை ஆறும் வேகத்தால் சரி செய்ய முடியாது. சிலிகாவைக் கொஞ்சம் கூட்டி, சோடியம், பொட்டாசியம் தரும் ஃபெல்ட்ஸ்பாரைக் கொஞ்சம் குறைத்து, கலவையைத்தான் திருத்தணும். திருத்திய கிளேஸில் ஒரு கப் சுட்டு, அதை ஃபிரீஸரில் ஓர் இரவு வைத்து, எடுத்த உடனே கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். மூன்று தடவை அப்படிச் செய்தும் கீறல் விழவில்லை என்றால் மிச்ச 39 கப்புக்கும் அதே கிளேஸைப் பூசலாம்.